மலை இல்லாத ஊரில் மலை வரையும் பிள்ளைகள்: தொடக்கப் பள்ளிக் கலை வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடமுருட்டிக் கரையில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஓவிய ஆசிரியை இல்லை. தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது. கணக்குச் சொல்லித்தருகிற டீச்சர்தான் கலர் பென்சிலும் சீவித் தரவேண்டும். பக்கத்துப் பள்ளிக்காரர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் என் வகுப்பறை அனுபவம். உங்கள் பிள்ளைகளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படம் வரையச் சொன்னால் முப்பது பேரும் ஒரே படத்தை வரைகிறார்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு. என்ன செய்வது?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று வயல் நெடுக நடந்தாலும் ஒரு மலை கண்ணில் படாது. நம் சுவாமிமலையே கட்டுமலைதான். ஆனாலும் பிள்ளைகள் மலைதான் வரைவார்கள். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையனிடம், “மலை பார்த்திருக்கியாடா?” என்று கேட்டேன். “பார்த்திருக்கேன் டீச்சர், எங்க அண்ணன் நோட்டுல” என்றான். அண்ணன் எங்கே பார்த்தான்? பள்ளிக்கூடச் சுவரில். அந்தச் சுவரில் பெயிண்டரை வைத்து மலை வரையச் சொன்னதே நாங்கள்தான்.

மலை வரையக் கூடாது என்று தடை போட்டால் பிள்ளை பயந்து பென்சிலைக் கீழே வைத்துவிடும். “இயற்கைக் காட்சி வரை” என்ற தலைப்பைத்தான் முதலில் தூக்கி எறியவேண்டும். அதற்குப் பதில், பார்த்தால் மட்டுமே வரையமுடிகிற ஒன்றைக் கேளுங்கள். நம்ம மதகுக்கு எத்தனை கதவு? பம்புசெட் கொட்டகைக்குக் கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்கு? நடவு வயலில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பேப்பர், பென்சில் எதுவும் இல்லாமல் பத்து நிமிஷம் வெளியே கூட்டிப்போய்ப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். வகுப்புக்குத் திரும்பிய பிறகு வரையட்டும்.

அப்படி ஒருநாள் நடவு பார்த்துவிட்டு வந்தோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பச்சைத்தாளில் வரிசையாகப் பதினோரு வளைவு போட்டுவிட்டு, முடித்துவிட்டதாகச் சொன்னாள். தலை இல்லை, கை கால் இல்லை. “என்னம்மா இது?” என்றேன். “நடவுக்காரங்க டீச்சர். முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது.” அந்தப் படம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எந்த வயதுக்கு எந்த வேலை?

கண்டிப்பான அட்டவணை வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பிள்ளைக்கு எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பாள். வீட்டுச் சுவருக்கு உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். தாளின் அடியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிற்கவைப்பார்கள். குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு போன்றவர்கள் இவற்றை வளர்ச்சிப் படிகளாகவே வகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தப்பு என்று திருத்தவேண்டாம். இந்த வயதுக்குக் களிமண், அச்சு, கிழித்து ஒட்டுதல், மணல் எல்லாம் பொருந்தும்.

நாலு, அஞ்சாம் வகுப்பில் “எனக்கு வரைய வராது டீச்சர்” என்ற பேச்சு தொடங்கும். நிஜம்போல வரவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது, கை இன்னும் வரவில்லை. இவர்களுக்கு அளவெடுக்கிற, கட்டுகிற, உருட்டி ஓட்டுகிற வேலையாகக் கொடுங்கள். அப்போது “வராது” என்ற பேச்சு குறையும்.

எனக்கே வரையத் தெரியாது. நான் எப்படிச் சொல்லித்தருவது?

தெரியாமல் இருப்பது ஒருவகையில் நல்லது. நீங்கள் கரும்பலகையில் அழகாக ஒரு மயில் போட்டால் முப்பது நோட்டிலும் உங்கள் மயில்தான் உட்கார்ந்திருக்கும்.

கலர் வாங்கக் காசு இல்லை. என்ன வழி?

நம் ஊரில் கலர் கொல்லையிலேயே கிடைக்கிறது. அடுப்புக்கரி கறுப்பு. செங்கல்லை இடித்துத் துணியில் சலித்தால் காவி. அவரை இலையைத் தாளில் வைத்துத் தேய்த்தால் பச்சை. பீட்ரூட், மஞ்சள் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தூளாக இருப்பதைக் கொஞ்சம் மைதா பசையில் குழைத்தால் தாளில் நிற்கும்.

பிள்ளைகள் வாயைப் பிளப்பது மஞ்சளுக்குத்தான். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத்தாள் முழுக்கப் பூசிக் காயவையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஈர்க்குச்சியைத் தொட்டு அதன்மேல் வரையச் சொல்லுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் சிவந்து வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். எலுமிச்சைச்சாறு தொட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த நீலச் சாற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. எலுமிச்சை பட்டால் ஊதாவும் ரோஜா நிறமும் கலந்து வரும், சோடா உப்பு பட்டால் பச்சைக்குத் திரும்பும். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பு போதும்.

பூச்சாற்றுக் கலர் நிற்காது, சில வாரத்தில் வெளுத்துவிடும். அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் “என் படம் செத்துப்போச்சு” என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

வாழை மட்டையில் அச்சு போடலாம் என்கிறார்களே?

போடலாம், பிரமாதமாக வரும். வெண்டைக்காய் அச்சு எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாழையிலையின் தண்டை, அதாவது மட்டையை, குறுக்கே வெட்டிப் பாருங்கள். பிறைநிலா வடிவம், அதற்குள் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். கலரைத் தொட்டுத் தாளில் வைத்தால் அத்தனை அறையும் பதியும். இரண்டை எதிரெதிரே வைத்தால் மீன், ஐந்தைச் சுற்றி வைத்தால் பூ.

ஆனால் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் வெட்டின மட்டையை அப்படியே கையில் கொடுத்துவிட்டேன். கலர் சட்டையில் படக்கூடாது என்று காவல் காத்தேனே தவிர, மட்டையிலிருந்து சொட்டுகிற பால் ஞாபகத்துக்கு வரவில்லை. மறுநாள் பதினாறு வெள்ளைச் சட்டையில் பழுப்புப் புள்ளி. வாழைக்கறை போகிற கறையா? ஒரு பாட்டி சட்டையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலமே வெட்டி, வெட்டுவாயைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் துடைத்துத்தான் கொடுக்கிறேன். அதற்கு மேலும் பழைய சட்டை போட்டு வரச் சொல்கிறேன்.

களிமண்ணுக்கு எங்கே போவது? காய்ந்தால் வெடித்துப்போகிறதே?

ஆற்றோரத்து வண்டலும் குளத்து அடிமண்ணும் இருக்கிற நாட்டில் கடையில் பாக்கெட் களிமண் வாங்குவது எனக்கு ஒப்புவதில்லை. மண்பாண்டம் செய்யும் வேளார் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடமே ஒரு வாளி கேளுங்கள். எந்த மண் ஆகும், எது ஆகாது என்று அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

நீங்களே எடுப்பதானால் ஒரு சோதனை உண்டு. மண்ணைப் பிசைந்து பென்சில் தடிமனுக்குப் பாம்பு உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றிக்கொண்டால் ஆகும். பாளம் பாளமாக விட்டால் மணலும் வண்டலும் கூடுதல். வாளித் தண்ணீரில் கரைத்து, கல்லும் வேரும் போகப் பழைய வேட்டியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாக்கில் பரப்பினால் இரண்டு நாளில் பதத்துக்கு வரும்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணம். கனமாகச் செய்வது: கட்டைவிரல் தடிமனைத் தாண்டவேண்டாம். வெயிலில் காயவைப்பது: நிழலில் மூன்று நாலு நாள் விடுங்கள். கையையும் காலையும் தனியாகச் செய்து வெறுமனே ஒட்டுவது: ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் ஈர்க்கால் கீறி, களிமண்ணைக் கூழாகக் கரைத்து நடுவே தடவவேண்டும். கொஞ்சம் உமியோ பொடிமணலோ சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு இன்னும் குறையும்.

தலையாட்டி பொம்மை செய்யவைக்க ஆசை. சின்னப் பிள்ளைகளுக்கு முடியுமா?

நாலாம் வகுப்பிலிருந்து தாராளமாக முடியும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் இரண்டு வகை. ஒன்று ராஜா ராணி மாதிரி அடி உருண்டையாக, சாய்த்தால் நிமிரும். மற்றது தலை, உடம்பு, பாவாடை எனத் தனித்தனியாக அடுக்கி ஆடுகிற நாட்டியப் பெண். புவிசார் குறியீடு பெற்ற பொம்மை இது. பிள்ளைகளுக்கு முதல் வகையைக் கொடுங்கள்.

வேண்டியவை ஒரு கொட்டாங்குச்சி, களிமண், பழைய செய்தித்தாள், மைதா பசை. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடி, கண் இல்லாத மூடி என்று இரண்டு வருமே, கண் இல்லாததை எடுங்கள். அடியில் மூக்கு இருந்தால் சிமெண்டுத் தரையில் தேய்த்து உருண்டையாக்குங்கள். உள்ளே கால்வாசிக்குக் களிமண்ணை அமுக்கி, சாய்த்துவிட்டுப் பாருங்கள். நிமிர்கிறதா? அப்புறம் மேலே செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, கிழித்த துண்டுகளைப் பசையில் நனைத்து நாலு சுற்று ஒட்டிக் காயவைத்துக் கலர் அடிக்கவேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒரு சங்கடம் வரும். களிமண் காய்ந்ததும் சுருங்கி, கொட்டாங்குச்சிக்குள் கடகடவென்று உருளும். பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். களிமண் நன்றாகக் காய்ந்தபிறகு அதை வெளியே எடுத்து, பசை தடவித் திரும்ப உட்காரவைத்து, அதற்கப்புறம் கூம்பை ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஈரமாக இருக்கும்போதே கூம்பை ஒட்டிய வருடம் எங்கள் வகுப்பில் கிலுகிலுப்பைதான் கிடைத்தது.

ஏன் நிமிர்கிறது என்று பாடம் நடத்தாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு பையன் ராஜாவுக்குக் களிமண்ணில் பெரிய தலை வைத்தான். வைத்ததும் ராஜா குப்புற விழுந்தார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டே வந்து, சுண்டைக்காய் அளவுக்கு வந்ததும் நிமிர்ந்துகொண்டார். “தலைக்கனம் இருந்தா விழுந்துடுவார் டீச்சர்” என்றான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கைவினைஞர்கள் காகிதக்கூழில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது விஷம், பள்ளிக்குள் வரவேண்டாம்.

மைதா பசையை வகுப்பிலேயே காய்ச்சலாமா?

வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அடுப்பு மூட்ட எந்த டீச்சருக்கும் கை வராது. வீட்டிலேயே ஒரு டம்ளர் மைதாவுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து டப்பாவில் எடுத்துப் போங்கள். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள், புளித்துவிடும்.

ஆடிப்பெருக்குக்கு என்ன செய்யலாம்?

சப்பரம்தான், வேறென்ன? ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்து சேருகிற நேரமும் பள்ளி திறந்து பிள்ளைகள் பழகிவிட்ட நேரமும் ஒன்றாக அமையும். தண்ணீர் வராத வருடமும் உண்டு, அப்போதும் சப்பரம் ஓடத்தான் செய்தது. நம் சின்ன வயதில் தச்சர் செய்து கொடுத்த மரச் சப்பரத்தில் சாமி படம் ஒட்டி, கலர்த்தாள் சுற்றி, ஆடிப் பதினெட்டன்று ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காப்பரிசி தின்றுவிட்டு வந்தோம். இப்போது பல தெருக்களில் சப்பரச் சத்தமே இல்லை.

செருப்பு டப்பா ஒன்று போதும். சக்கரத்துக்குப் பழைய ரப்பர் செருப்பு. வட்டம் வரைவது பிள்ளை, வெட்டுவது பெரியவர். தீர்ந்துபோன பேனாவின் உடலை டப்பாவுக்கு அடியில் குறுக்காக ஒட்டி, அதற்குள் மூங்கில் குச்சியை விட்டு, குச்சியின் இரண்டு முனையிலும் சக்கரத்தைச் சொருகவேண்டும். பல பிள்ளைகள் சக்கரத்தை நேராக டப்பாவிலேயே ஒட்டிவிட்டு ஏன் உருளவில்லை என்று கேட்பார்கள். உடனே சொல்லாதீர்கள். வாசலில் நிற்கிற சைக்கிளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சக்கரத்துக்கு நடுவில் துளை விழாவிட்டால் சப்பரம் நொண்டும். ஒருத்தியுடையது அப்படி நொண்டியது. சரிசெய்து தருகிறேன் என்று கை நீட்டினேன், அவள் தரவில்லை. “தேர் ஆடி ஆடித்தானே டீச்சர் வரும்?” மன்னார்குடி மதிலழகு, திருவாரூர்த் தேரழகு என்று சொல்லி வளர்ந்த ஊரில் இதற்கு மேல் நான் என்ன பேச?

எங்கள் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சப்பரம் சரிவருமா?

உள்ளே என்ன வைப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடியேற்றிக்கொண்டு வரும் கப்பல் வடிவ ரதத்தைப் பார்த்த பிள்ளை கப்பல் செய்யும். வேளாங்கண்ணித் தேர்ப்பவனி பார்த்தது அதைச் செய்யும். ஒரு பையன் டப்பாவுக்குள் அவன் வீட்டு ஆட்டுக்குட்டியின் படத்தை ஒட்டி இழுத்தான். சாமி இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, “இது எங்க வீட்டுச் சாமி” என்று பதில் வந்தது.

பெரிய கோயிலைப் பற்றி ஏதாவது செய்யவேண்டும். ஐஸ்குச்சியில் கோபுரம் கட்டுவதைத் தவிர வேறு இல்லையா?

இருக்கிறது. 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஒரு படத்துக்குக் கீழே இன்னொரு படம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

இதைக் கீறல் படமாகச் செய்யலாம். தடித்த தாளில் மெழுகுக் கலரால் இடைவெளியே இல்லாமல் பல நிறத்தை அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள். இது கீழ்ப்படம். மேலே கறுப்பு போஸ்டர் கலரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பூசிக் காயவையுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் மெழுகின்மேல் கலர் ஒட்டாமல் திரண்டு நிற்கும். காய்ந்ததும் ஈர்க்குச்சியால் கீறினால் அடியிலுள்ள நிறம் மின்னிக்கொண்டு வரும். நான் இன்னொன்றும் செய்கிறேன்: கறுப்பு பூசிய தாள்களைக் கலைத்து, ஆளுக்கு ஒன்றாக மாற்றிக் கொடுத்துவிடுவேன். யாருடைய படம் தன் கையில் இருக்கிறது என்று தெரியாமல் கீறவேண்டும். வகுப்பே கப்சிப்பென்று ஆகிவிடும். “டீச்சர், இங்க யாரோ சிவப்பு அடிச்சிருக்காங்க!”

பையன்கள் கோலம் போட மாட்டேன் என்கிறார்கள்.

கோலம் என்று சொல்லாமல் போட்டி என்று சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஐந்து வீதம் ஐந்து வரிசை, இருபத்தைந்து புள்ளி. எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்து, கையை எடுக்காமல், தொடங்கிய இடத்திலேயே வந்து சேரவேண்டும். சிக்குக் கோலம் அவ்வளவுதான். அரை மணியில் பையன்கள் முட்டிபோட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வாரக் கடைசியில் அம்மாவிடம் போய் “நெளிக்கோலம் எப்படிம்மா திரும்பும்?” என்று கேட்டவனும் உண்டு.

தஞ்சாவூர் ஓவியம் செய்ய கிட் வாங்கலாமா?

வேண்டாம். அச்சடித்த கிருஷ்ணருக்குள் கல் ஒட்டுவதில் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? வேண்டுமானால் பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்து அட்டையில் மேடாக எடுத்து, காய்ந்ததும் சாக்லேட்டின் தங்கத் தாளை அதன்மேல் அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். புடைத்து நிற்கிற வேலை என்றால் என்ன என்று விரலுக்குப் புரியும், அது போதும். வளையல் துண்டு வேண்டாம், கையைக் கிழிக்கும்.

தெர்மாகோல் இல்லாமல் மாடல் செய்யமுடியுமா?

நெட்டி இருக்கும்போது தெர்மாகோல் எதற்கு? குளம் குட்டையில் வளர்கிற செடி, உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சுபோல் தண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை பிள்ளைகளுக்குத் தெரியும். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நுட்பத்துக்குப் பிளேடு வேண்டும், பிள்ளைகள் கையில் அது ஆகாது. துண்டுகளாக நறுக்கிக் கொடுத்துவிட்டால் கோத்து மாலையாக்குவதும் கலர் தோய்ப்பதும் அவர்கள் பாடு. பொங்கலுக்கு மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கோடு சேர்ந்த வேலை ஏதாவது?

சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்யும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடிக்கும்போது ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவெடுப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம், மற்றதெல்லாம் அதன் கணக்கு. நம் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தென்னங்கீற்று கொடுங்கள். சுவரில் சாய்ந்து நிற்கும் நண்பனின் தலை உச்சியிலிருந்து முகவாய் வரை ஓலையில் அளந்து கிள்ளிக்கொண்டு, அந்த அளவு அவன் உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆறு, ஆறரை வரும். டீச்சரையும் அளப்பார்கள், ஏழுக்குப் பக்கத்தில் வரும். அப்புறம் போன வாரம் தாங்கள் வரைந்த ஆளை எடுத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்று தலைதான் இருக்கும். அன்றைக்கு முழுக்க வகுப்பில் சிரிப்புதான்.

பெரிய இடம் இருக்கிறது, மொத்த வகுப்பும் சேர்ந்து செய்வதுபோல ஏதாவது?

மைதானத்து மணலில் டெல்டாவையே செய்யுங்கள். மேற்கே மேடாகவும் கிழக்கே சரிவாகவும் குவித்து, கல்லணைக்கு ஒரு செங்கல் வைக்கவேண்டும். அங்கிருந்து கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நாலு கோடு. நாலாவதைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்னும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். அது திறந்து 90 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாமணி எல்லாம் கிளைகள். தங்கள் ஊர் எந்த ஆற்றங்கரையில் என்று பிள்ளைகளே ஒரு கூழாங்கல்லை வைக்கட்டும். கடைசியில் மேற்கிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். “கடைமடைக்கு வரல டீச்சர்!” என்று கிழக்குக் கோடியில் நிற்கிறவன் கத்துவான். அவன் அப்பா வருடாவருடம் கத்துவதும் அதையேதான்.

வீட்டில் செய்துவரச் சொன்னால் பெற்றவர்களே செய்து அனுப்புகிறார்கள்.

இது என் பழைய வருத்தம். கண்காட்சி என்றால் கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்த எழுத்தும் லைட் எரிகிற மாடலும் வந்து நிற்கும், பக்கத்தில் பிள்ளை விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு போட்டியில் என் வகுப்புப் பெண் தானே செய்த கோணல் சப்பரம் மூலையில் கிடக்க, ஒரு மாமா செய்த கோபுரத்துக்குப் பரிசு போனது. அன்றிலிருந்து நான் வீட்டுக்கு எந்தக் கலை வேலையும் கொடுத்து அனுப்புவதில்லை. பொருளைக் கொண்டுவரட்டும், செய்வது வகுப்பில். அப்பா அம்மாவுக்கு ஆசையாக இருந்தால் அவர்களும் வந்து ஒன்று தனியாகச் செய்யட்டும், அதையும் வைத்துவிடலாம். வந்து உட்கார்ந்த அப்பாக்கள் எழுந்து போக மனசில்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிள்ளை எப்போதும் கறுப்பிலேயே வரைகிறான். கவலைப்படவேண்டுமா?

கறுப்புக் கலர் மட்டும்தான் அவன் டப்பாவில் மீதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, பெரும்பாலும் அதுதான் காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போனபிறகு பள்ளி திறந்தபோது எங்கள் பிள்ளைகள் பல நாள் விழுந்த தென்னையையே வரைந்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து “இது எந்த மரம்? யார் வீட்டுது?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தை மாதவாக்கில் தானாகவே நின்றது. படத்தோடு சேர்ந்து சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே மாறியிருந்தால் வீட்டில் பேசுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மதிப்பெண் போடவேண்டுமா?

நான் போடுவதில்லை. படத்தின் பின்னால் பிள்ளை சொன்ன ஒரு வரியை எழுதி, தேதி போட்டு வைப்பேன்.

படங்களை எங்கே சேர்த்துவைப்பது? மழைக்காலத்தில் பாழாகிவிடுகிறது.

ஐப்பசி அடைமழையில் சுவரில் ஒட்டியதெல்லாம் ஊறிவிடும். சுவரைவிடக் கொடி நல்லது, கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுங்கள். பீரோவில் வைப்பதானால் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டுவைத்தாலும் ராமபாணப் பூச்சி வரத்தான் செய்யும், மைதா பசை அதற்கு விருந்து. பசை அதிகம் உள்ளவற்றை வருடக் கடைசியில் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.

மிஞ்சின களிமண்ணை என்ன செய்வது?

கொட்டிவிடாதீர்கள். காய்ந்து உடைந்த பொம்மைகளையும், கலர் பூசாதவையாகப் பார்த்து, தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, ஈரச்சாக்கில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்துவிடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை சாக்கில் தண்ணீர் தெளித்தால் அடுத்த ஜூன் வரை தாங்கும். பழக்கப்பட்ட மண் புதுமண்ணைவிட வழுவழுவென்று இருக்கும், விரல் சொன்னபடி கேட்கும். திறக்கும்போது ஒரு சேற்று நாற்றம் அடிக்கும். ஒன்றாம் வகுப்பு மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளும், மற்ற நாலு வகுப்புக்கும் அது பழகின வாசனை.